டாக்டர்கள் பார்த்த சீலா

1758ஆம் ஆண்டு. சுவீடன் நாட்டு டாக்டர் கார்ல் லின்னேயஸ், உலகத்து உயிர்கள் எல்லாவற்றுக்கும் இரண்டே சொல்லில் பெயர் வைத்துவிடுவது என்று முண்டாசு கட்டிக் கிளம்பி, தன் புத்தகத்தின் பத்தாம் பதிப்பில் மீன்கள் பக்கத்துக்கு வந்து சேர்ந்திருந்தார். செடிகொடி விஷயத்தில் மனிதர் புலி. மீன் விஷயத்தில் அவருடைய முறை சற்றே எளிமையானது. நீளமாக இருக்கிறதா? வாய் நிறையப் பல் இருக்கிறதா? அப்படியானால் 'ஈசாக்ஸ்'. ஐரோப்பிய ஏரிகளில் திரியும் பைக் என்ற நன்னீர் மீனுக்கு உரிய பெயர் அது. லின்னேயஸ் அந்தப் பெயரின் கீழ் முரல் மீனைப் போட்டார். வட அமெரிக்க ஆறுகளில் கவசம்போலச் செதில் அணிந்து கிடக்கும் கார் மீனைப் போட்டார். மத்தியதரைக் கடலின் சீலாவையும் 'ஈசாக்ஸ் ஸ்ஃபைரீனா' என்று எழுதி உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார். இந்த நான்குக்கும் இடையே ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. சீலாவை டாக்டர்கள் தப்பாகப் பார்த்த நீண்ட வரலாறு இப்படித்தான் கோலாகலமாகத் தொடங்கியது.

சீலா என்றும் ஊழி என்றும் நம் கரையில் சொல்லப்படும் இந்த மீனில், உலகக் கடல்களில் ஏறக்குறைய முப்பது இனங்கள் இருக்கின்றன. எல்லாமே நீண்ட உருளை உடம்பு, மேல்தாடையைத் தாண்டி முன்னே துருத்தும் கீழ்தாடை, கோரைப்பல், ஒன்றைவிட்டு ஒன்று வெகுதூரம் தள்ளி நிற்கும் இரண்டு முதுகுத் துடுப்புகள் என்று ஒரே அச்சில் வார்த்தவை. எது எது என்று கண்டுபிடிக்கக் கொஞ்சம் குனிந்து பார்க்க வேண்டும். அந்தக் காலத்துப் பெரியவர்கள் குனிவதில் அவ்வளவு ஆர்வம் காட்டவில்லை என்பதுதான் இந்தக் கதை.

லின்னேயஸை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. மீன் அவருடைய பாடமே இல்லை. உப்சாலாவில் படித்த காலத்தில் அவரும் பீட்டர் ஆர்ட்டெடி என்ற நண்பரும் இயற்கையைப் பாகப்பிரிவினை செய்துகொண்டிருந்தார்கள். மீன் ஆர்ட்டெடி பங்குக்குப் போயிற்று. யார் முதலில் செத்தாலும் அவர் எழுதிவைத்ததை மற்றவர் அச்சேற்ற வேண்டும் என்பது ஒப்பந்தம். 1735 செப்டம்பரில் ஆம்ஸ்டர்டாமில், செபா என்ற பணக்கார மருந்து வியாபாரியின் வீட்டில் விருந்து சாப்பிட்டுவிட்டு இருட்டில் திரும்பிய ஆர்ட்டெடி, கால்வாயில் விழுந்து மூழ்கிப் போனார். வயது முப்பது. மீனியலின் தந்தை தண்ணீரில் மூழ்கியதை வைத்து அந்த ஊரில் அன்றைக்கே போதுமான ஜோக்குகள் பிறந்திருக்கும், நான் ஒன்றும் சேர்க்கவில்லை. வீட்டுக்காரர் அனுதாபப்பட்டுக் கையெழுத்துப் பிரதிகளை வாடகைப் பாக்கிக்காகப் பிடித்து வைத்துக்கொண்டார். கிளிஃபோர்டு என்ற வங்கிக்காரர் பணம் கட்டி மீட்டுக் கொடுக்க, 1738இல் லின்னேயஸ் அவற்றை அச்சிட்டுச் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். காப்பாற்றிவிட்டு, இருபது வருஷம் கழித்துச் சீலாவைப் பைக்கோடு போட்டு அடைத்தார்.

சீலாக்களின் பேரினப் பெயர் இன்று 'ஸ்ஃபைரீனா'. அதன் பக்கத்தில் முறைப்படி எழுதப்படுவது: ஆர்ட்டெடி, 1793. அதாவது செத்து 58 ஆண்டு கழித்து மனிதர் மீனுக்குப் பெயர் வைத்திருக்கிறார். ரோசெ என்பவர் வெளியிட்ட பதிப்பு ஒன்றின் புண்ணியம் அது. நடுவில் பல புத்தகங்களில் அந்தப் பெருமை கிளைன் என்ற இன்னொருவர் பெயரில் ஓடிக்கொண்டிருந்தது. விலங்கியலில் சாவு ஒரு தடையல்ல.

கரிபியன் பக்கம் போவோம். அங்கேதான் சீலாக்களிலேயே பெரியது, ஆள் உயரத்தைத் தாண்டி இரண்டு மீட்டர் வரை வளரக்கூடியது, சாவகாசமாக நீந்திக்கொண்டிருந்தது. வசதிக்காக அதைப் பெருஞ்சீலா என்று வைத்துக்கொள்வோம். 1687இல் ஜமைக்கா ஆளுநருக்குத் தனி மருத்துவராக ஹான்ஸ் ஸ்லோன் என்ற இளம் டாக்டர் கப்பலேறினார். அடுத்த வருஷமே ஆளுநர் செத்துப்போனார். வேலை இல்லாமல் போன டாக்டர் செடி, பூச்சி, மீன் என்று கையில் அகப்பட்டதையெல்லாம் மூட்டைகட்டி லண்டனுக்குக் கொண்டுவந்தார். ஸ்லோன் பெருஞ்சீலாவுக்கு வைத்த லத்தீன் பெயருக்கு அர்த்தம், 'நீண்ட தாடையுள்ள, கடலில் வாழும், சிறிய உம்ப்ளா'. உம்ப்ளா என்பது ஆல்ப்ஸ் மலையடிவாரத்து ஏரிகளில் வாழும் சாதுவான ஒரு மீன். 'சிறிய' என்ற சொல்லுக்கு நான் விளக்கம் தேடவில்லை. ஆளுநர் உடம்பு தேறிவருவதாகவும் இதே டாக்டர்தான் எழுதியிருப்பாரோ என்று ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது.

பின்னால் பஹாமாஸ் போன மார்க் கேட்ஸ்பி டாக்டர் இல்லை. ஆகையால் மீனை நேரில் பார்த்து, அழகாகப் படம் வரைந்து, அதைத் தின்றவர்களுக்கு வாந்தி, தலைவலி, முடியும் நகமும் உதிர்தல் எல்லாம் வந்ததாகக் குறித்துவைத்தார். விஷயம் உண்மை. பவளப்பாறையோரம் வாழும் பெரிய சீலாக்களின் உடம்பில், சின்ன மீன்களைத் தின்று தின்று, சிகுவாட்டெரா என்ற நோயைத் தரும் நஞ்சு சேரும். சமைத்தாலும் போகாது. அதைக் கண்டுபிடிக்கக் கரிபியன்காரர்கள் கைவசம் சோதனைகள் வைத்திருந்தார்கள். வெள்ளிக்காசைக் குழம்பில் போட்டுக் கறுக்கிறதா பார்ப்பது, மீன்மேல் ஈ உட்காருகிறதா பார்ப்பது, பூனைக்கு ஒரு துண்டு போட்டுவிட்டுக் காத்திருப்பது. காசும் ஈயும் எதையும் சொல்வதில்லை. பூனை மட்டும் ஓரளவு தகவல் தரும், அதுவும் பூனையின் செலவில்.

கரிபியன் தீவுகளில் இருந்த லபா என்ற பிரெஞ்சுப் பாதிரியார் இன்னொரு கண்டுபிடிப்பை எழுதிவைத்தார். ஓர் ஆங்கிலேயரும் ஒரு பிரெஞ்சுக்காரரும் சேர்ந்து குளித்துக்கொண்டிருந்தால் சீலா ஆங்கிலேயரைத்தான் முதலில் கடிக்குமாம். மாமிசம் அதிகம் தின்பதால் அவர் உடம்பிலிருந்து வரும் வாசனை தூக்கலாக இருக்குமாம். சீலாவுக்கு ஆங்கிலேயர் யார், பிரெஞ்சுக்காரர் யார் என்று தண்ணீருக்கடியில் இனம் பிரிக்கத் தெரிந்திருக்கிறது. நம் ஆட்களுக்குச் சீலாவை மேசைமேல் வைத்தும் பிரிக்கத் தெரியவில்லை.

இதற்குப் பிறகு வந்தது படம் பார்த்துப் பெயர் வைக்கும் காலம். ஹவானாவில் பார்ரா என்பவர் 1787இல் ஒரு புத்தகம் போட்டார். அதில் 'பிகுடா' என்ற உள்ளூர்ப் பெயரோடு பெருஞ்சீலாவின் படம் இருந்தது. பெர்லினில் மாபெரும் மீன் பட்டியல் ஒன்றை எழுதிக்கொண்டிருந்த டாக்டர் பிளாக், அது முடியுமுன் 1799இல் கண்மூடினார். ஷ்னைடர் என்ற கிரேக்கப் புலவர் அதை முடித்து 1801இல் வெளியிட்டபோது, பார்ராவின் படத்தை ஆதாரமாகக் கொண்டு 'பிகுடா' ஓர் இனமாயிற்று. இரண்டு வருஷம் பொறுத்து பாரீஸில் லாசெபேத் பிரபு, புளூமியே என்ற துறவி எப்போதோ வரைந்த வேறொரு படத்தைத் தூசி தட்டி எடுத்து 'பெகுனா' என்று இன்னோர் இனத்தைப் பிரசவித்தார். ரெண்டும் அதே பெருஞ்சீலா. அதற்கு முன்னாலேயே, 1792இல், லூபெக் நகர டாக்டர் வால்பாம், கேட்ஸ்பியின் படத்தை வைத்து 'பாராகுடா' என்று பெயர் சூட்டி முடித்திருந்தார். வெகுகாலம் எல்லாப் புத்தகங்களிலும் வால்பாமுக்குத்தான் மரியாதை. பிறகு யாரோ பழைய காகிதத்தைப் புரட்டியதில், கேட்ஸ்பி புத்தகத்தின் 1771ஆம் ஆண்டுப் பதிப்போடு ஜார்ஜ் எட்வர்ட்ஸ் சேர்த்த பெயர்ப்பட்டியலிலேயே 'பாராகுடா' இருப்பது தெரிந்தது. மரியாதை எட்வர்ட்ஸுக்கு மாற்றப்பட்டது. அவரும் டாக்டர் இல்லை, லண்டன் டாக்டர்கள் சங்கத்தின் நூலகத்தைப் பார்த்துக்கொண்ட பணியாளர். இத்தனைக்கும் இந்தப் பட்டியலில் மூன்று பேர், அதாவது வால்பாம், ஷ்னைடர், லாசெபேத், பெயர் வைத்தது மீனுக்கு அல்ல, அச்சடித்த காகிதத்துக்கும் வண்ணம் பூசிய படத்துக்கும்.

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தவர் டாக்டர் பிலிபேர் கொமெர்சோன். 1766இல் கிளம்பிய பூகன்வீலின் உலகப் பயணத்தில் பிரெஞ்சு அரசின் இயற்கையியலாளராகப் போனவர். கூடவே ஒரு பணியாளையும் கூட்டிக்கொண்டு போனார். செடி சேகரிக்க, பெட்டி தூக்க, மலை ஏற எல்லாவற்றுக்கும் அந்த ஆள்தான். ஒரு வருஷத்துக்கு மேல் கப்பலில் இருந்த அந்த ஆள் ஆணல்ல, ஆண் வேஷம் போட்ட ஜான் பாரே என்ற பெண் என்பது 1768இல் தாஹித்தியில்தான் வெளிப்பட்டது. தாஹித்திக்காரர்கள் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்வார்கள். ஒரே கப்பலில் படுத்து எழுந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த மாலுமிகள் அத்தனை பேருக்கும் ஓர் ஆள் ஆணா பெண்ணா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாமல் போன காலத்தில், சீலாவில் எந்தச் சீலா என்று ஏன் தெரியவில்லை என்று கேட்பது கொஞ்சம் கொடுமைதான். டாக்டர் 1773இல் மொரிஷியஸில் இறந்தார். பின்னாளில் அவர் பெயரால் 'கொமெர்சோனி' என்று ஒரு சீலா இனம் உண்டாக்கினார்கள். அதுவும் பெருஞ்சீலாதான் என்று கடைசியில் தெரியவந்தது. பாரேயின் பெயரால் எந்தச் சீலாவும் இல்லை, வேஷம் போடுவதில் அந்தப் பெயருக்குத்தான் முழுத் தகுதி இருந்தது.

கதை இப்போது நம் கடற்கரைக்கு வருகிறது. பேட்ரிக் ரஸ்ஸல், ஸ்காட்லாந்துக்காரர், அவரும் டாக்டர். அலெப்போவில் கொள்ளைநோய் பார்த்தவர். பிறகு விசாகப்பட்டினத்துக்கு வந்து, 1785 முதல் சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கையியலாளரானார். கண்ணாடி விரியனுக்கு ஆங்கிலத்தில் இவர் பெயர்தான். இந்த டாக்டர் ஒரு புத்திசாலித்தனம் செய்தார். மீனுக்கு லத்தீனில் பெயர் யோசித்து மண்டையை உடைத்துக்கொள்ளாமல், கரையில் மீனவர்களிடம் கேட்டு அவர்கள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார். உள்ளூர் ஓவியரை வைத்துப் படம் வரைய வைத்தார். கோரமண்டல் கரையின் 200 மீன்களோடு அந்தப் புத்தகம் 1803இல் வந்தது. அதில் ஒரு சீலாவின் பெயர் 'ஜெல்லோ'. இந்த முழுக் கதையிலும் மீனைத் தினமும் பார்த்தவர்கள் வைத்த பெயர் தப்பாமல் போய்ச் சேர்ந்த அரிய இடம் இது.

அதை எடுத்து 1829இல் 'ஸ்ஃபைரீனா ஜெல்லோ' என்று ஆக்கியவர் பாரீஸின் ஜார்ஜ் குவியே. ஓர் எலும்பைக் காட்டினால் முழு மிருகத்தையும் சொல்லிவிடுவார் என்று பெயரெடுத்தவர். வாலென்சியேன் என்பவரோடு சேர்ந்து அவர் தொடங்கிய மீன் நூல் கடைசியில் 22 தொகுதிகள் ஆயிற்று. மூன்றாம் தொகுதியில் சீலாக்கள் வந்தன. ஜெல்லோ, ஒப்டுசாட்டா, ஃபார்ஸ்டரி, விரிடென்ஸிஸ், குவாச்சாஞ்சோ, கொமெர்சோனி என்று ஒரே தொகுதியில் சரமாரியாகப் பெயர் வைத்தார். இதில் ஃபார்ஸ்டரி என்பது கேப்டன் குக்கின் இரண்டாம் பயணத்தில் போன ஃபார்ஸ்டர் நினைவாக. கப்பலில் இருந்த ஒருவர் விடாமல் எல்லோரோடும் சண்டை போட்டவர் என்று புகழ்பெற்றவர் அந்த ஃபார்ஸ்டர். கோரைப்பல் மீனுக்கு அவர் பெயர் வைத்ததில் பொருத்தம் இருக்கத்தான் செய்கிறது.

குவியே மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. இவ்வளவு பேரில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று நினைத்தவர் அவர்தான். ஆனால் அவர் கைக்கு வந்தவை சாராயச் சாடியில் மாதக்கணக்கில் கப்பலில் ஆடிவந்த மீன்கள். சாராயத்தில் ஊறினால் மஞ்சள் வெளுக்கும், பட்டை மங்கும், எல்லாச் சீலாவும் ஒரே பழுப்பு நிறத்துக்கு வந்துவிடும். சீலாவின் அடையாளத்தில் பாதி அதன் தோலில் இருக்கிறது.

சரி, உடம்பைப் பார்ப்போம்.

ஷ்னைடர் முடித்துக் கொடுத்த அந்த பெர்லின் பட்டியல், மீன்களைத் துடுப்பு எண்ணிக்கைப்படி அடுக்கியது. சீலா விஷயத்தில் இதைவிடப் பயனற்ற வேலை கிடையாது. முதல் முதுகுத் துடுப்பில் 5 முள், இரண்டாவதில் 1 முள்ளும் 9 மென்கதிரும். எந்தச் சீலாவை எடுத்தாலும் அதே கணக்கு. துடுப்பை எண்ணிக்கொண்டிருப்பவர் சாயங்காலம் வரை எண்ணலாம்.

எண்ண வேண்டியது செதிலை. செவுளிலிருந்து வால் வரை உடம்பின் நடுவே ஓடும் பக்கக்கோட்டில் பெருஞ்சீலாவுக்கு ஏறக்குறைய 80 செதில்கள் இருக்கும், கூடக் குறைய இருந்தாலும் 90ஐத் தாண்டாது. ஜெல்லோ, புட்னமே, கெனியே ஆகிய மற்ற பெரிய மூன்றுக்கும் அந்த எண்ணிக்கை 120க்கு மேல் போகும். எண்ணப் பொறுமை இல்லையென்றால் ஒரு குறுக்குவழி உண்டு. பெருஞ்சீலாவின் செதில் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் அளவுக்குப் பெரியது, ஜெல்லோவின் செதில் பொடி. மீனை உரசித் தள்ளும் அம்மாவுக்கு இது விரல் நுனியில் தெரியும். இதைப் பாரீஸ் அருங்காட்சியகத்தில் யாரும் அந்தம்மாவிடம் கேட்கவில்லை.

பெருஞ்சீலாவைக் காட்டிக்கொடுக்கும் இன்னொன்று, பின்பாதி உடம்பின் கீழ்ப்பக்கத்தில் பேனாவை உதறியதுபோல ஒழுங்கில்லாமல் தெறித்துக் கிடக்கும் கறுப்பு மைப்பொட்டுகள். வேறு எந்தச் சீலாவுக்கும் இந்த அலங்கோலம் இல்லை. சில மீன்களில் பொட்டு மிகக் குறைவாக இருக்கும், சிலவற்றில் மங்கலாக இருக்கும், அப்போது வாலைப் பாருங்கள். வளர்ந்த பெருஞ்சீலாவின் வால் வெறும் கவையாக இருக்காது, பின்னோரத்தின் நடுவில் இரண்டு சிறிய வளைவுகள் துருத்திக்கொண்டிருக்கும். வால் கறுப்பு, இரண்டு நுனியிலும் வெள்ளை. ஜெல்லோவுக்கு வால் நல்ல கவை, நிறம் மஞ்சள். அதன் பக்கத்தில் இறங்கும் இருபது சொச்சம் கறுப்புப் பட்டைகள் நேர்க்கோடாக இல்லாமல் பக்கக்கோட்டைத் தாண்டும்போது நெளியும். பெருஞ்சீலாவிலும் பட்டை உண்டு, ஆனால் அது முதுகோடு நின்றுவிடும், வயிற்றுப் பக்கம் இறங்காது.

மூன்றாமவர் புட்னமே. ஜோர்டன், சீல் என்ற அமெரிக்கர்கள் 1905இல் ஒரு பெண்மணியின் பெயரால் சூட்டியது. இதன் பட்டைகள் பக்கவாட்டில் சாய்த்துவைத்த அம்புக்குறி வடிவத்தில் மடங்கியிருக்கும். நான்காமவர் கெனியே. இது கிளுன்சிங்கர் என்ற ஜெர்மானிய டாக்டரின் உபயம். அவரும் செங்கடல் கரையில் குசைர் என்ற ஊரில் டாக்டராக வேலை பார்த்தவர்தான். ஆனால் ரஸ்ஸலைப்போலவே கரையில் இருந்தவர்கள் அரபியில் சொன்ன பெயரையே 1870இல் வைத்துவிட்டார். கரைக்குப் போன டாக்டர்கள் பிழைத்தார்கள் என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். கெனியேவின் பட்டைகள் ஏறக்குறைய செங்குத்தானவை, வாலோரம் கறுப்பு. போர்னியோ பக்கம் சிபடான் தீவில் ஆயிரக்கணக்கில் சுழன்று சுழன்று நீந்தும் சீலாக் கூட்டத்தின் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தப் படத்துக்குக் கீழே புட்னமே என்று எழுதுவது முக்குளிப்பவர்களிடம் ஒரு மரபு. நீந்துவது பெரும்பாலும் கெனியே. தண்ணீருக்கடியில் மூச்சுக்கருவியோடு இறங்கி, மீனுக்கு நேர் எதிரே நின்று, விலையுயர்ந்த கேமராவில் படமும் எடுத்துத் தப்பாகப் பெயர் போடுகிறவர்கள் இருக்கும்போது, சாராயச் சாடியை வைத்துக்கொண்டு திணறிய குவியேவை எப்படித் திட்டுவது?

பெரியவை நான்கும் செவுளைத் திறந்தால் ஏமாற்றும். வழக்கமாகச் செவுள் வளைவில் சீப்புப் பல்போல நிற்கும் முட்கள் இவற்றுக்குக் கிடையவே கிடையாது. சின்னச் சீலாக்களில் ஒன்றோ இரண்டோ இருக்கும். ஃபார்ஸ்டரி நடுவில் நிற்கிறது: முள் இல்லை, முள் இருக்க வேண்டிய இடத்தில் சொரசொரப்பான தகடுகள். இதைக் கண்டுபிடிக்கச் செவுளைத் திறக்கவும் வேண்டாம். மார்புத் துடுப்பைத் தூக்கினால் அக்குளில் ஒரு கறுப்புத் திட்டு இருக்கும், கண்ணும் முழியும் பெரிசு. சண்டைக்காரர் பெயர் சூட்டிய மீனுக்கு இத்தனை சுலபமான அடையாளம் வாய்த்தது அதிசயம்.

தலைவலி சின்னவற்றில்தான். ஒப்டுசாட்டாவும் ஃபிளாவிகாடாவும் கையளவு, முழ அளவு மீன்கள். வலையில் ஒன்றாக வரும், கூடையில் ஒன்றாகக் கிடக்கும், குழம்பில் ஒன்றாகக் கொதிக்கும். ரூப்பெல் என்பவர் 1838இல் இரண்டாவதற்கு 'மஞ்சள் வால்' என்று பொருள்பட ஃபிளாவிகாடா என்று வைத்தார். ஒப்டுசாட்டாவுக்கும் வால் மஞ்சள்தான் என்பதை அவருக்கு யாராவது சொல்லியிருக்கலாம். உபயோகமான வித்தியாசம் வேறு: மார்புத் துடுப்பை உடம்போடு ஒட்டிவைத்துப் பாருங்கள். அதன் நுனி முதல் முதுகுத் துடுப்பு தொடங்கும் இடத்தை எட்டினால் ஒப்டுசாட்டா, எட்டாமல் நின்றால் ஃபிளாவிகாடா.

1869இல் சூயஸ் கால்வாயைத் திறந்ததும் இந்தக் குழப்பம் மத்தியதரைக் கடலுக்கும் ஏற்றுமதியானது. செங்கடல் சீலாக்கள் கால்வாய் வழியாகச் சத்தமில்லாமல் உள்ளே புகுந்தன. அவற்றில் ஒன்று கிரிசோடீனியா. கிளுன்சிங்கர் 1884இல் பெயர் வைத்ததுதான். புதிய கடலில் அது நெடுங்காலம் ஒப்டுசாட்டா என்ற பெயரில் திரிந்தது. சுங்கச்சாவடியில் யாரும் மார்புத் துடுப்பை அளக்கவில்லை. சொந்த நாட்டு மீனிலும் இதே லட்சணம்தான். லின்னேயஸ் பைக்கோடு அடைத்த அந்த ஐரோப்பிய சீலாவும், குவியே கேப் வெர்டே தீவுகளிலிருந்து விவரித்த விரிடென்ஸிஸும் மத்தியதரைக் கடலில் கலந்தே வாழ்கின்றன. கன்னத்துச் செவுள்மூடியில் செதில் இருக்கிறதா இல்லையா என்று பார்த்தால் தீர்ந்தது: முன்னதற்கு உண்டு, பின்னதற்கு இல்லை. ஆனாலும் விரிடென்ஸிஸ் அங்கே ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக அடுத்தவர் பெயரில்தான் விலைபோயிற்று.

இங்கே நம் சென்னை ராணுவ டாக்டர் பிரான்சிஸ் டேயை விட்டுவிடக் கூடாது. இந்திய மீன்களைப் பற்றிய பெரிய நூலை 1875 முதல் வெளியிட்டவர், சீலாவிலும் 'அகுடிபின்னிஸ்' என்று ஒன்றுக்குப் பெயர் வைத்தவர். லண்டன் அருங்காட்சியகத்தின் டாக்டர் குந்தருக்கும் இவருக்கும் ஆகாது. கோபத்தில் தன் மீன் சேகரிப்பின் பெரும்பகுதியை 1883இல் சிட்னிக்கு விற்றுவிட்டார். இந்திய மீன்களை ஒப்பிட்டுப் பார்க்க ஆஸ்திரேலியா போக வேண்டும் என்ற நிலைமை இரண்டு டாக்டர்கள் முகம் கொடுத்துப் பேசாததால் வந்தது.

சீலாக்களுக்குள் பிரிப்பதே இப்படி என்றால், சீலா யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியில் அடித்த கூத்து தனி. பைக்கிலிருந்து விடுதலை ஆனதும் அதை மடவைக்கும் காலாவுக்கும் உறவு என்று வைத்தார்கள். மடவை மண்ணைக் கிளறித் தின்னும் பரம சாது, அதற்குப் பக்கத்தில் இந்தக் கோரைப்பல்லை ஒரு நூற்றாண்டுக்குமேல் உட்கார்த்தி வைத்தார்கள். 1986இல் அதை எடுத்து வஞ்சிரம், சூரை வகையறாவோடு சேர்த்தார்கள். எல்லோருக்கும் ஒரு நிம்மதி. பிறகு மரபணுவைப் படித்துவிட்டு வந்து, இல்லை, அதன் நெருங்கிய சொந்தம் பாறை, மயில்மீன், இன்னும் கேட்டால் தரையோடு தரையாகக் கிடக்கும் நாக்குமீன் என்கிறார்கள். இந்த உறவும் எத்தனை நாளைக்கு என்று பார்ப்போம்.

வேலை முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். 2015இல் கொச்சியின் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் நம் தென்மேற்குக் கரையிலிருந்து 'ஸ்ஃபைரீனா அராபியான்ஸிஸ்' என்று புதிய ஒரு சீலாவை விவரித்தார்கள். தினமும் ஏலம் போகும் மீன், தினமும் தட்டில் விழும் மீன், லின்னேயஸுக்கு 257 வருஷம் கழித்து அறிமுகமாகிறது.

ஆகவே வாசகர்களிடம் ஒரு விண்ணப்பம். கடையில் சீலா வாங்கும்போது செவுள் சிவப்பாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு நகராதீர்கள். மார்புத் துடுப்பைத் தூக்குங்கள், வாலை விரியுங்கள், செதில் பொடியா பெரிசா என்று தடவிப் பாருங்கள். முழம் அளவுச் சீலாவில் எந்த இனமாக இருந்தாலும் பொதுவாகக் குழம்புக்குச் சேதமில்லை, வாங்கலாம். மீன் உங்கள் இடுப்பு உயரத்துக்கு இருந்து, பின்பக்க அடிவயிற்றில் மை தெறித்திருந்து, வால் நுனி வெள்ளையாக இருந்தால், எந்தக் கடலில், எந்தப் பாறைக்குப் பக்கத்தில் பிடித்தது என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள். பதில் சரியில்லையென்றால் பக்கத்துக் கூடைக்குப் போய்விடுங்கள். பூனையை இதில் இழுக்க வேண்டாம்.